வெளியே பளபள ரெக்சின்... உள்ளே பொடியாகும் தகரம்! கிளாசிக் கார்களின் வினைல் கூரையைப் பிரித்தால் என்ன நடக்கும்?

2001-ல் வெளியான 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தின் இறுதியில் சீறிவரும் கறுப்பு நிற டாட்ஜ் சார்ஜரை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1970 மாடல் கார் அது. அதே காலத்தில் வந்த சார்ஜர், மஸ்டாங், கமாரோ கார்களின் பழைய படங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பல கார்களில் உடம்பு ஒரு நிறம், கூரை வேறு நிறம். கிட்டத்தில் போய்த் தொட்டுப் பார்த்தால் அது பெயின்ட்டே இல்லை. நம்ம ஊரில் சோபாவுக்கும் பைக் சீட்டுக்கும் போடுகிற ரெக்சின் மாதிரி ஒன்று, கூரை முழுக்க ஒட்டப்பட்டிருக்கும். இதைத்தான் 'வினைல் ரூஃப்' என்கிறார்கள்.

அன்றைக்கு கூடுதல் காசு கொடுத்து வாங்கிய இந்த அலங்காரம், இன்றைக்கு அந்த கார்களை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி. வினைலை உரித்தெடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கண்ணாடி, பீடிங் எல்லாம் கழன்றுவிட்டால் அரை நாளில் முடிந்துவிடும். உரித்ததற்கு அப்புறம் அடியில் தெரிவதைச் சரிசெய்யத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. சில நேரம் காரை வாங்கிய விலையைவிட கூரை வேலைக்கு அதிகம் செலவாகிவிடும்.

அது ஏன்? பிரிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? துருவை எப்படிக் கையாள வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

இரும்புக் கூரைக்கு எதற்கு ரெக்சின்?

எல்லாம் ஒரு பாவனைக்காகத்தான். மடக்கித் திறக்கிற துணிக்கூரை கொண்ட 'கன்வெர்ட்டிபிள்' கார்களுக்கு எப்போதும் ஒரு மவுசு உண்டு. ஆனால் அவை விலை அதிகம், மழைக்கு ஒழுகும், குளிருக்கு ஆகாது. அதனால் சாதாரண இரும்புக் கூரையின் மேல் துணி மாதிரி ஒன்றை ஒட்டி, தூரத்திலிருந்து பார்ப்பதற்கு கன்வெர்ட்டிபிள் போலவே காட்டினார்கள்.

1956-ல் கெடிலாக் எல்டொராடோ செவில் காரின் கூரை இப்படித்தான் மூடப்பட்டு வந்தது. 1962-ல் ஃபோர்டு தண்டர்பேர்டு லாண்டோ வந்த பிறகு இது பெரிய ஃபேஷனாகவே மாறியது. அந்தக் காரின் பின்பக்கத் தூணில் 'எஸ்' எழுத்து மாதிரி வளைந்த ஒரு உலோகப் பட்டை இருக்கும். குதிரை வண்டிக் காலத்தில் கூரையை மடக்குவதற்கு இருந்த கீலின் நினைவுச் சின்னம் அது. மடங்காத கூரைக்கு எதற்கு கீல் என்று யாரும் கேட்கவில்லை!

1960-களின் கடைசியில் நிலைமை இன்னும் ருசிகரமானது. 1969, 1970-ல் பிளைமவுத் நிறுவனம் பூப்போட்ட வினைல் கூரையோடு கார்களை விற்றது. 1970 மெர்க்குரி கூகர் காரில் கோட்டுத் துணி டிசைனில் கூரை கிடைத்தது. பிரிட்டனில் ஃபோர்டு கார்ட்டினா, ரோவர் 3500எஸ் போன்ற கார்களிலும் வினைல் கூரை வந்தது. 1980-களில் மெல்ல மவுசு குறைந்தது. ஆனாலும் 1990-களின் பியூக் ரோட்மாஸ்டர் வரை இது விருப்பத்தேர்வாகத் தொடர்ந்தது.

தகரத்துக்கு இது எப்படி எமனாகிறது?

வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். அதன் அடியில் ஒரு மெல்லிய துணி ஒட்டியிருக்கும். அந்தத் துணியைத்தான் பசை போட்டு தகரத்தில் ஒட்டுகிறார்கள். 1970-களின் ஆடம்பர கார்கள் சிலவற்றில் மெத்தென்று இருக்க நடுவில் ஃபோம் கூட வைத்திருப்பார்கள்.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைப்பதற்கு எண்ணெய் மாதிரியான ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. வெயிலில் நிற்க நிற்க அந்த எண்ணெய்ப் பசை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அப்புறம் வினைல் சுருங்கும், தையல் விடும், மயிரிழை அளவில் வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பு வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போகும்.

இங்கதான் சிக்கலே ஆரம்பிக்குது. பெயின்ட் அடித்த கூரையில் விழும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், மிச்சம் வெயிலில் காய்ந்துவிடும். வினைலுக்குள் போன தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. அடித்துணி ஸ்பாஞ்ச் மாதிரி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு, தண்ணீர், காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. வெளியே மழை நின்று வாரக்கணக்கில் ஆனாலும் உள்ளே ஈரம் காயாது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும் என்பதால்தான், வினைலின் மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது.

தண்ணீர் நுழைய இன்னொரு வழியை கார் கம்பெனியே செய்து கொடுத்திருக்கிறது. வினைலின் ஓரத்தை மறைக்க கண்ணாடியைச் சுற்றியும், தூண்களின் அடியிலும் பளபளப்பான உலோக பீடிங் ஓடும். அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகளுக்காக தகரத்தில் திருகு முடுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் சின்னச் சின்ன ஆணி மாதிரி வெல்டிங் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு திருகு ஓட்டையும் துருவுக்கு ஒரு வாசல்.

சார்ஜரை எடுத்துக்கொண்டால், 1968 முதல் 1970 வரையிலான மாடல்களில் பின்கண்ணாடி உள்வாங்கி இருக்கும். இரண்டு பக்கமும் தூண்கள் சரிந்து டிக்கி வரை நீளும். பார்க்க அழகு. ஆனால் அந்தப் பள்ளத்தில் இலை, மண், தண்ணீர் எல்லாம் தேங்கும். பின்கண்ணாடிக்கும் டிக்கி மூடிக்கும் நடுவில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அமெரிக்க மெக்கானிக்குகள் அதை 'டச்மேன் பேனல்' என்பார்கள். பழைய சார்ஜர்களில் முதலில் பொடியாகிற இடங்களில் இதுவும் ஒன்று.

பிரிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முழுசாக முடியாது. ஆனால் நல்ல யூகத்துக்கு வந்துவிடலாம். காரை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் கட்டைவிரலால் பின்கண்ணாடியின் கீழ் மூலைகளை அழுத்திப் பார்க்க வேண்டும். நறநறவென்று சத்தம் வந்தாலோ, தகரம் உள்ளே அமுங்கினாலோ விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். கொப்புளங்கள் கூரையின் நடுவில் இருந்தால் மேலோட்டமான துருவாக இருக்கலாம். கண்ணாடி ஓரத்திலும் தண்ணீர் வழியும் விளிம்பிலும் இருந்தால் ஓட்டைக்கு வாய்ப்பு அதிகம்.

மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வினைல் மேல் நகர்த்துவது பழைய தந்திரம். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டியோ ஃபைபரோ இருக்கும்.

அடுத்து, டிக்கியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வழிந்த கோடுகள் இருக்கிறதா? டிக்கியின் தரை துருப்பிடித்திருக்கிறதா? இருந்தால் தண்ணீர் கண்ணாடி ஓரமாக இறங்குகிறது. உள்கூரைத் துணியில் டீக்கறை மாதிரி வட்டம் இருந்தால், மேலே ஏற்கெனவே ஓட்டை விழுந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள், அதனால் அங்கே ஓடிய கார் துருப்பிடிக்கும். அரிசோனா மாதிரி காய்ந்த ஊர் கார் என்றால் பயமில்லை என்பார்கள். அடித்தளத்தைப் பொறுத்தவரை இது சரி. கூரைக்கு அப்படியே பொருந்தாது. வினைலை வெடிக்க வைப்பதே அந்த ஊர் வெயில்தான். கீழே தகரம் புதுசு மாதிரி இருக்க, மேலே மட்டும் துரு தின்ற காரும் உண்டு.

எல்லாவற்றையும்விட அதிகம் சந்தேகப்பட வேண்டியது கிழிந்த வினைலை அல்ல, புத்தம் புதுசாக ஒட்டிய வினைலை. கிழிந்தது உண்மையைச் சொல்லிவிடும். விற்பதற்கு முன்னால் அவசரமாக ஒட்டியது எதையும் மறைக்கலாம். அடியில் செய்த வேலையின் படங்கள் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

பிரித்துவிட்டு பெயின்ட் அடித்துவிடலாமா?

வேலையில் இறங்கும் முன்னரே இதை முடிவு செய்ய வேண்டும். காரணம், பணம்.

கிளாசிக் கார் சந்தையில் ஒரு கார் ஃபேக்டரியில் இருந்து எப்படி வந்ததோ அப்படியே இருப்பதற்குத்தான் மதிப்பு. அது காகிதத்தில் மட்டும் இல்லை, காரிலேயே எழுதியிருக்கும். அந்தக் கால கிரைஸ்லர், டாட்ஜ், பிளைமவுத் கார்களின் என்ஜின் அறையில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் 'வி1எக்ஸ்' என்று இருந்தால் கறுப்பு வினைல் கூரையோடு பிறந்த கார், 'வி1டபிள்யூ' என்றால் வெள்ளை. ஷெவர்லே கார்களில் வினைல் கூரைக்கான ஆர்டர் எண் 'சி08'. இப்படிக் குறியீடு இருக்கும் காரில் கூரையை மொழுமொழுவென்று பெயின்ட் அடித்து வைத்தால், விவரம் தெரிந்தவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். 'பூப்போட்ட கூரை' மாதிரி அரிதான கார் என்றால் கேட்கவே வேண்டாம், அது இல்லாமல் அந்தக் காருக்குக் கதையே இல்லை.

அதே நேரம், வினைல் கூரை பிடிக்காதவர்களும் ஏராளம். விற்கிற எண்ணம் இல்லை, ஓட்டி மகிழத்தான் கார் என்றால் பெயின்ட் அடித்த கூரைதான் நிம்மதி. பராமரிப்பு சுலபம், துரு வந்தால் உடனே கண்ணில் படும். எது வேண்டும் என்பது உரிமையாளரின் விருப்பம். எந்த வழியில் போனாலும் துருவை முழுசாக அகற்றியே ஆக வேண்டும். அதில் மட்டும் விருப்பத்துக்கு இடமில்லை.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதல் வேலை, படம் எடுப்பது. ஒவ்வொரு பீடிங்கும் எந்த மூலையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, எத்தனை கிளிப் என்று எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, கழற்றியதை கவரில் போட்டு எழுதி வைக்க வேண்டும். சில பீடிங்குகள் இன்றைக்குப் புதிதாகக் கிடைப்பதில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஒன்றை வளைத்துவிட்டால், அதை நிமிர்த்துவதற்குத் தனி ஆள் தேட வேண்டும். கண்ணாடி பீடிங்குக்கென்றே தட்டையான கொக்கி மாதிரி ஒரு டூல் உண்டு, விலையும் குறைவு.

அடுத்து கண்ணாடி. வினைலின் ஓரம் கண்ணாடியின் பள்ளத்துக்குள் மடித்து ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியைக் கழற்றாமல் ஓரத்தில் பிளேடால் அறுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது பாதி வேலைதான். மிக மோசமான துரு இருப்பதே அந்தப் பள்ளத்துக்குள்ளேதான். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டிய ரகம், லேசாக நெம்பினாலே விரிசல் விடும். பின்கண்ணாடி பெரும்பாலும் ஒரே அடியில் பொடிப்பொடியாகும் ரகம். கண்ணாடி வேலை தெரிந்தவரை வைத்துக் கழற்றுவது செலவு இல்லை, சேமிப்பு.

இதெல்லாம் முடிந்தால் வினைல் சுலபமாக வந்துவிடும். ஒரு மூலையில் ஆரம்பித்து, ஹீட் கன்னால் இதமாகச் சூடு காட்டி, பிளாஸ்டிக் பட்டையால் தள்ளிக்கொண்டே இழுக்க வேண்டும். சூடு அளவோடு இருக்கணும். பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அது நுரையீரலை எரிக்கும். நெருப்பு டார்ச்சை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. திரும்ப வினைல் ஒட்டுவதாக இருந்தால், பழையதை முடிந்தவரை கிழியாமல் எடுத்து வைப்பது நல்லது. புதியதை வெட்டும்போது அளவுக்கு உதவும்.

துணியும் பசையும் கூரையிலேயே தங்கிவிடும் என்பது அடுத்த எரிச்சல். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி அடித்தால் பசை உருகி, மிட்டாய் மாதிரி இழுபட்டு இன்னும் பரவும். பசை நீக்கும் திரவத்தை ஊற்றி ஊறவிட்டு, பிளாஸ்டிக் பட்டையால் வழிப்பதுதான் சரியான முறை. அலுப்பான வேலை, ஆனால் குறுக்கு வழி இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஆட்கள் பரிந்துரைக்கும் பெயின்ட் நீக்கிகளில் மெத்திலீன் குளோரைடு இருந்தது. மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்து பலர் உயிரிழந்திருக்கிறார்கள். பெயின்ட் நீக்கும் பயன்பாட்டுக்காக அதைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-ல் தடை செய்தது. பழைய டப்பா ஷெட்டில் கிடந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். எந்தத் திரவமாக இருந்தாலும் திறந்த வெளியில், தீப்பொறி எதுவும் பக்கத்தில் இல்லாமல்தான்.

பசை போனதும் தெரியும் உண்மை

பளபளவென்ற தகரத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வினைல் மூடிவிடும் என்பதால் ஃபேக்டரியிலேயே பல கார்களின் கூரைக்கு அரைகுறையாகத்தான் வேலை செய்தார்கள். சில கார்களில் வெறும் பிரைமர், சிலவற்றில் மெலிதாக ஒரு கோட் பெயின்ட். கூரையும் பக்கத் தகடும் சேருகிற இணைப்பு பின்தூணில் வரும். பெயின்ட் கூரை கொண்ட காரில் அந்த இணைப்பை ஈயம் உருக்கி நிரப்பி, தேய்த்து, கோடே தெரியாமல் செய்வார்கள். வினைல் கூரை காரில் அதே இடம் கரடுமுரடாக விடப்பட்டிருக்கலாம். அதாவது துருவே இல்லாத கூரையாக இருந்தாலும், பெயின்ட் அடிக்கும் அளவுக்குக் கொண்டுவர தனி டிங்கரிங் வேலை உண்டு. இதை மனதில் வைத்துத்தான் செலவுக் கணக்குப் போட வேண்டும்.

அந்த ஈயத்தின் மேல் கிரைண்டர் வைக்கவே கூடாது. ஈயத்தூள் காற்றில் கலந்து உடம்புக்குள் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். வேலை செய்த உடையோடு வீட்டுக்குள் போனாலே தூள் கூடவே வரும். கையால், ஈரம் வைத்து, ஈயத்தூளை வடிகட்டும் தரமான மாஸ்க் போட்டுத் தேய்ப்பதுதான் வழி. சாதாரண துணி மாஸ்க் இதற்குப் பத்தாது.

துருவில் எத்தனை ரகம்?

வேலையின் அளவைத் தீர்மானிப்பது இதுதான். மேலோட்டமாகச் செம்மண் பூசியது மாதிரி இருந்தால் பிரச்னை சின்னது. 80-ம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெள்ளித் தகரம் வந்துவிடும்.

இரண்டாவது ரகம், அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருப்பது. மேலே தேய்த்தாலும் குழிக்குள் கறுப்புப் புள்ளி நிற்கும். அந்தப் புள்ளிதான் அடுத்த வருஷக் கொப்புளம். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி இதற்கு உதவும், அது மிச்சத் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமிலம் கலந்தவையும் உண்டு, அவை துருவைக் கறுப்பான படலமாக மாற்றும். ஆனால் உதிரும் துருவின் மேல் நேராக ஊற்றினால் எதுவும் மாறாது. சுரண்டி எடுத்தது போக ஒட்டியிருப்பதற்கு மட்டுமே அந்த மருந்து. அமிலத்தின் மிச்சத்தை டப்பாவில் சொல்லியபடி கழுவி எடுக்காமல் எபாக்சி பிரைமர் அடித்தால், பிரைமர் தோலாக உரிந்து வரும்.

மணல் பிளாஸ்டிங் செய்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்ற ஆசை வரும். சேஸிஸுக்கு அது சரி. கூரைத் தகடு மெல்லியது, பெரியது, கிட்டத்தட்ட தட்டையானது. மணலின் அடியிலும் சூட்டிலும் அது நெளிந்துவிட்டால், பிஸ்கட் டின் மூடி மாதிரி அமுக்கினால் 'டொக்'கென்று உள்ளே போய் வெளியே வரும். நிமிர்த்துவது பெரும்பாடு. சோடா, பிளாஸ்டிக் துகள் போன்ற மென்மையான பிளாஸ்டிங், அதுவும் கூரைத் தகட்டில் செய்து பழகியவர் கையால் என்றால் பரவாயில்லை.

மூன்றாவது ரகம், ஓட்டை. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரிவது பட்டாணி அளவு என்றால், சுற்றி உள்ளங்கை அளவுக்கு தகரம் மெலிந்திருக்கும்.

ஓட்டையை எப்படி அடைப்பது?

ஃபைபர் துணி வைத்து பட்டி பூசி மூடுவது எங்கேயும் நடக்கிற வேலை. பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடியில் துரு வேலையைத் தொடரும், ஓரிரு மழைக்காலத்தில் விளிம்பு மேலே எழும்பும். துருவின் மேல் பட்டி போடுவது சீழ் வைத்த புண்ணுக்கு பிளாஸ்டர் ஒட்டுவது மாதிரிதான்.

நல்ல தகரம் வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே கனத்தில், பொதுவாக 0.9 மி.மீ. அளவிலான தகட்டில் ஒட்டுத் துண்டு வெட்டி, மிக் வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாக வைக்க வேண்டும். ஒரு பொட்டு இங்கே வைத்தால் அடுத்தது நேரெதிர் பக்கம். இடையில் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் கூரையே வளைந்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் கூரை வெல்டிங்கில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

வெல்டிங்குக்கு முன்னால் உள்கூரைத் துணி, சீட், இன்சுலேஷன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஒரு தீப்பொறி உள்ளே புகைந்து, ஒரு மணி நேரம் கழித்து காரே எரிந்துபோகலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைப்பதும் ஆபத்து. அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உருவாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய வாயு அது.

கூரை பாதிக்கு மேல் போயிருந்தால் ஒட்டுப் போட்டு மாளாது. மஸ்டாங், கமாரோ, சார்ஜர் போன்ற பிரபல கார்களுக்கு முழுக் கூரைத் தகடே புதிதாகக் கிடைக்கிறது. பின்கண்ணாடிப் பள்ளம், டச்மேன் பேனல் எல்லாம் தனித்தனியாகவும் வாங்கலாம். ஆனால் அதிகம் விற்காத மாடல் என்றால் பழைய இரும்புக்கடையில் இன்னொரு காரின் கூரையை வெட்டி எடுத்து வருவதுதான் வழி.

அழகை விட்டுவிட்டுப் பார்த்தாலும் தூண்களில் இருக்கும் துரு உயிர் சம்பந்தப்பட்டது. கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவது அந்தத் தூண்கள்தான். பிரிட்டனில் கார்களுக்கு நடக்கும் வருடாந்திர எம்.ஓ.டி. சோதனையில், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. சுற்றளவுக்குள் உடலமைப்பைப் பலவீனமாக்கும் துரு இருந்தால் கார் தேறாது. ஆனால் 2018 மே 20 முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு அங்கே இந்தச் சோதனையே கட்டாயமில்லை. வினைல் கூரை கார்களில் பெரும்பாலானவை இந்த வயதைத் தாண்டியவை. சோதிக்க ஆள் இல்லாதபோது, வினைலுக்கு அடியில் தூண் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது உரிமையாளரின் பொறுப்பாகிவிடுகிறது.

பிரைமர் முதலா, பட்டி முதலா?

வெறும் தகரம் காற்றில் ஈரம் இருந்தால் சில மணி நேரத்திலேயே மறுபடியும் சிவக்கத் தொடங்கும். எனவே தேய்த்த அன்றே, கிரீஸ் நீக்கியால் துடைத்து எபாக்சி பிரைமர் அடித்துவிடுவது பாதுகாப்பு. இது இரண்டு பாகம் கலந்து அடிக்கும் ரகம், ஈரத்தை உள்ளே விடாது. சாதாரண பிரைமர்கள் பல ஈரத்தை உறிஞ்சும். அதை மட்டும் அடித்து மாதக்கணக்கில் காரை நிறுத்தினால் செய்த வேலை வீண்.

பட்டி எபாக்சி பிரைமரின் மேல்தான் போட வேண்டும். பட்டறைகளில் வெறும் தகரத்தின் மேல் பட்டி போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. துரு ஒருமுறை பார்த்த கூரைக்கு அது வேண்டாம். பீடிங் கிளிப்புகளுக்கான ஓட்டைகளை, வினைல் திரும்ப வராது என்றால் வெல்டிங்கில் அடைத்துவிட வேண்டும். தண்ணீர் வழியும் விளிம்பில் சீம் சீலர் பூசணும். மேல் பெயின்ட் டூ-கே ரகம் என்றால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும், ஆஸ்துமாவையே வரவழைக்கும். அதற்கு வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி தேவை. வீட்டு ஷெட்டில் செய்கிற வேலை இல்லை.

நிறம் பொருந்துவது தனிப் பிரச்னை. 50 வருஷம் வெயில் பார்த்த காரின் பெயின்ட்டோடு புதுப் பெயின்ட் ஒட்டாது. கூரைக்கு மட்டும் அடித்தால் தனியாகத் தெரியும். அதனால்தான் பலர் கூரையை மட்டும் பாதிப் பளபளப்புள்ள கறுப்பில் அடித்துவிடுகிறார்கள். தூரத்தில் பார்த்தால் வினைல் மாதிரியே இருக்கும், ஈரம் தேங்காது. கெட்டிக்காரத்தனமான சமரசம்.

திரும்ப வினைல் ஒட்டுவதாக இருந்தால்?

அடியில் பிரைமர் மட்டும் போதாது. வினைல் எப்படியும் மூடிவிடும்தானே என்ற எண்ணம்தான் முதல் தடவை கூரையைத் தின்றது. வெளியே தெரிகிற இடத்துக்கு அடிப்பது போலவே முழு பெயின்ட் அடித்து, அது நன்றாக இறுகும் வரை காத்திருக்க வேண்டும். ஈரம் காயாத பெயின்ட்டின் மேல் பசை தடவினால் இரண்டும் சேர்ந்து கொழகொழவென்று ஆகிவிடும்.

புதிய வினைலை வெயிலில் விரித்து மடிப்புகளை நீக்கி, கூரையின் நடுக்கோட்டில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே போவார்கள். தையல் கோடுகள் நேராக அமைந்தால்தான் அழகு. ஒவ்வொரு பீடிங் கிளிப்பையும் திரும்ப மாட்டும்போது அதன் ஓட்டையில் சீலன்ட் வைத்து மாட்ட வேண்டும். ஃபேக்டரி இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

அதன் பிறகு காரை பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூடக் கூடாது, உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். காற்று போகிற துணி கவர் போதும், நிழல் இருந்தால் அதைவிட நல்லது. தையலில் நூல் விட்டது தெரிந்தால் அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். பின்கண்ணாடியின் கீழ்ப் பள்ளத்தில் சேரும் இலைகளை வாரத்துக்கு ஒருமுறை கையால் எடுத்துவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை அந்த மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.